வந்துவிடு, ஐஸ் பெட்டி வைப்பதற்கு முன்பே – கள்ளக்குறிச்சி

கண்ணு,

இது உனக்கு மெயிலில் வராது, வாட்ஸப்பிலும் வராது. நம் ஐஸ் பெட்டி வெப்சைட்டில் புதிதாக ஒரு பக்கம் திறந்து அதில் எழுதுகிறேன். புதுப் பக்கம் எப்படித் திறப்பது என்று நீதான் வீடியோ காலில் காட்டிக் கொடுத்தாய். வாட்ஸப்பில் நான் அனுப்புவதை நீ படிக்கிறாயா, படிக்காமலே கட்டைவிரல் படம் போடுகிறாயா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வெப்சைட்டில் யாராவது ஒரு எழுத்தை மாற்றினால்கூட அங்கே உனக்குத் தகவல் போய்விடும். அதனால் இங்கே எழுதினால் கட்டாயம் படிப்பாய் என்று நினைக்கிறேன். ஊரில் யார் வேண்டுமானாலும் இதைப் பார்க்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஐஸ் பெட்டி தேடி வருகிறவர்கள் அம்மா மகன் வழக்கை உட்கார்ந்து படிக்கிற நிலைமையில் இருக்க மாட்டார்கள். படித்தாலும் பாதகமில்லை, அவர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாய். பொங்கலுக்கு வர முடியாது, லீவு இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாய். நான் சரி என்றேன். நான் சரி சொன்ன விதம் உனக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. "ஏம்மா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கிற? உனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் இன்னா பாத்துக்கினா இருப்பேன்? ஒடனே பிளைட்ட புடிச்சி ஒரே நாள்ல வந்து நிப்பேன்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று அப்புறம் மெசேஜ் போட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்னது எனக்குப் புதிய வார்த்தை இல்லை. நான் பெட்டியோடு போய் நிற்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற வார்த்தை அது. அதை என் பிள்ளை வாயால், என்னைப் பற்றியே கேட்டபோதுதான் போனை வைத்தேன்.

நம் கதை தெரியாமல் இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். உன் அப்பா கள்ளக்குறிச்சியில் சாமியானா, சேர், சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எதுவாக இருந்தாலும் நம் சேர்தான். அப்புறம் இறந்தவர்களை வைக்கிற குளிர்ப் பெட்டியும் வாங்கிப் போட்டார். ஊரில் அதற்கு ஐஸ் பெட்டி என்றுதான் பெயர். பெட்டி வந்த பிறகு கல்யாணக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். செத்த வீட்டில் கிடந்த சேர் மணமேடைக்கு முன்னால் எதற்கு என்று அவர்களுக்கு ஒரு கூச்சம். அப்பாவும் போனபின் நான் சாமியானாவையும் பாத்திரங்களையும் விற்றுவிட்டு, பெட்டிகளையும் குட்டி யானை லோடு வண்டியையும், வண்டி ஓட்டுகிற ஏழுமலையையும் வைத்துக்கொண்டேன். நீ படித்தாய், கடல் தாண்டிப் போனாய். உனக்கு அங்கே கடைகளுடைய வெப்சைட்டுகளுக்குத் தலைப்பு எழுதுகிற வேலை. எதையாவது தேடினால் வரிசையாக நீல நிறத்தில் வந்து நிற்குமே, அந்த வரிகள். இதை நம் தெருவில் யாருக்கும் என்னால் விளக்க முடியவில்லை. "இன்னா வேல செய்றான் உம் புள்ள?" என்றால் "தலைப்பு வெக்கிறான்" என்பேன். "பேப்பர்லயா?" என்பார்கள். "போன்ல" என்பேன். பாவம் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு, அதை உன் கம்பெனியில் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. என் நம்பரை யாரும் போனில் பெயர் போட்டு வைத்துக்கொள்வதில்லை. ஐஸ் பெட்டிக்காரியின் நம்பரை வைத்திருந்தால் தேவை தானாக வந்துவிடுமாம். கார்டு கொடுத்தால் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் தெருமுனையிலேயே போட்டுவிடுவார்கள். காலண்டர் அடித்துக் கொடுக்கலாமா என்று உன் அப்பா ஒருமுறை யோசித்தார், நான்தான் சிரித்துத் தடுத்தேன். பால்காரர், எலக்ட்ரீஷியன், கேஸ்காரர் எல்லாருடைய நம்பரும் ஊரில் எல்லாருடைய போனிலும் இருக்கும். என்னை மட்டும் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடித்தான் கண்டுபிடிக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிடும். மார்க்கெட்டில் எதிரே வந்தால் காய்கறியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்வார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வருத்தம் இருக்கிறது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதனால்தான் இந்த வெப்சைட். முதலில் இங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் செய்து கொடுத்தார்கள். தேடினால் நம் பக்கத்துக்குத் தலைப்பாக என்ன வந்தது, ஞாபகம் இருக்கிறதா? "முகப்பு – தங்கள் வரவு நல்வரவாகுக". நீ அதைப் பார்த்துவிட்டுப் போனிலேயே புரண்டு புரண்டு சிரித்தாய். "இன்னாம்மா இது, செத்த வூட்டுக்காரன் தேடி வர்றான், நல்வரவுன்னு போட்டு மாலை போடற மாதிரி நிக்கிற! யார்னே தெரியாம ஒருத்தன் நல்வரவுன்னா எவன் உள்ள வருவான்?" நான் ரோஷப்பட்டு, சரி மரியாதையாக இருக்கட்டும் என்று "அமரர் குளிர்பதனப் பேழை" என்று மாற்றச் சொன்னேன். அதற்கும் சிரித்தாய். "அழுதுக்கினு இருக்கறவன் பேழைன்னு டைப் பண்ணுவானா? உனக்கு போன் பண்றவங்க மொத வார்த்த இன்னா சொல்றாங்கன்னு மட்டும் சொல்லு" என்றாய். நான் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். "ஐஸ் பொட்டி கெடைக்குங்களான்னு கேப்பாங்க. அப்பறம் ஊர் பேரு சொல்லுவாங்க. அப்பறம், இப்பவே வருவீங்களான்னு கேப்பாங்க." "அவ்ளோதாம்மா தலைப்பு. அவங்க கேக்கறதே தான்" என்றாய். "ஐஸ் பெட்டி வாடகைக்கு – கள்ளக்குறிச்சி, எந்த நேரமும்" என்று வைத்தாய். வைப்பதற்கு முன், "நெசமாவே எந்த நேரமும் போவியா? போவலன்னா போடாத. தலைப்புல சொன்னது உள்ள இல்லன்னா ஆளு ஒரு வாட்டி ஏமாந்துட்டு மறுபடி வரமாட்டான்" என்று கறாராகக் கேட்டாய். போவேன் என்றேன். இன்றுவரை போகிறேன்.

உனக்கு அது ஒரு சின்ன வேலை. எனக்கு அந்த நாட்கள் திருவிழா. தினமும் கூப்பிட்டாய். சின்னசேலம் பக்கம் என்ன சொல்வார்கள், சங்கராபுரம் பக்கம் பெட்டி என்பார்களா பாக்ஸ் என்பார்களா, மலைக்குப் போவாயா என்று கேள்விமேல் கேள்வி. நான் சாம்பாரைத் தீயவிட்டுவிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உனக்குப் பள்ளிக்கூட நாட்களில் நான் சாதம் ஊட்டிக்கொண்டே பாடம் ஒப்பிக்க வைப்பேன், அப்போதுகூட நாம் அவ்வளவு பேசியதில்லை. மலைக்குத் தனிப் பக்கம், தனித் தலைப்பு வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். "மலைக்கு எவன்டா கூப்பிடப் போறான், அவங்க அன்னிக்கே எடுத்துடுவாங்க" என்றேன். "இருக்கட்டும்மா. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு வெச்சா எது எதுன்னு யாருக்கும் தெரியாது. மலைக்குன்னு ஒண்ணு தனியா இருக்கட்டும்" என்று சொல்லி, "கல்வராயன் மலைக்கும் வரும் ஐஸ் பெட்டி" என்று வைத்தாய். தலைப்புகள் வேலை செய்தன. வண்டி ஓடியது. எல்லாம் சரியாகிவிட்டதால் உன் போன் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்தது, அதுவும் நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, சரி வெச்சிடவா.

இப்போது ஒன்று சொல்கிறேன், திட்டாதே. மழைக்காலத்தில் ஒருநாள் முகப்புத் தலைப்பு திடீரென்று கெட்டுப்போய்க் கிடந்ததே, நினைவிருக்கிறதா? கள்ளக்குறிச்சி சின்னசேலம் சங்கராபுரம் தியாகதுருகம் வடக்கனந்தல் உளுந்தூர்பேட்டை திருநாவலூர் நம்பர் ஒன் சிறந்த தரமான ஐஸ் பெட்டி ஐஸ் பாக்ஸ் ஐஸ் பெட்டி என்று. தொட்டதும் உன் போன் வந்தது. வேலை நாளில், வேலை நேரத்தில். "யாரும்மா இதுல கை வெச்சது? பஸ்ஸு போர்டு மாதிரி ஊர் பேரா எழுதி வெச்சிக்கினு! போன்ல இவ்ளோ நீளம் தெரியாதும்மா, பாதில வெட்டிட்டு புள்ளி வெச்சிடும். பொட்டின்ற வார்த்தையே வெளிய வராது. பாக்கறவன் பஸ் டைம்னு நெனச்சிக்குவான்." நான் ஒன்றும் தெரியாதவள்போல், "தப்பாடா கண்ணு? ஊர் பேரு ஜாஸ்தி இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்" என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டு, முக்கியமானது முன்னால் வரவேண்டும், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பப் போடக்கூடாது என்று பொறுமையாகப் பாடம் நடத்தினாய். எல்லாம் எனக்கு முன்பே தெரியும், கண்ணு. முதல் தடவை சொன்னபோதே மனதில் வாங்கிக்கொண்டேன். நீ கூப்பிட வேண்டும் என்றுதான் கெடுத்து வைத்தேன். அதற்கப்புறமும் இரண்டொரு தடவை செய்தேன். ஏழுமலைக்குத் தெரியும். "அக்கா, தம்பி போன் வரலன்னா போன் பண்ண வேண்டியதுதான, எதுக்கு போர்ட கலைக்கிறீங்க?" என்று கேட்டான். நான் கூப்பிட்டால் நீ மீட்டிங்கில் இருப்பாய், அப்புறம் பேசறேன் என்பாய். தலைப்பு கெட்டால் நீயே கூப்பிடுவாய்.

உன்னிடம் சொல்ல நினைத்து, நீ போனை வைக்கும் அவசரத்தில் சொல்லாமலே போனது ஒன்று உண்டு. உன் மலைத் தலைப்பைத் தேடி ஆள் வந்தது. மலையிலிருந்து ஒரு பெண் பேசினாள். அம்மா இறந்துவிட்டாள், அண்ணன் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருக்கிறான், நான் வருகிறவரை எடுக்காதீர்கள் என்று அவன் போனில் அழுகிறான், மலைக்கு வருவீர்களா என்று கேட்டாள். நான் வருகிறேன் என்றதும் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். ஏழுமலை ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டான், மலையில் கரண்டை நம்ப முடியாது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி, வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் கிளைச் சாலையில் போய்ச் சேர்ந்தோம். வாசலில் அறுத்துப் போட்ட சாமைக் கதிர் அப்படியே கிடந்தது. பெட்டியை இறக்கி வைத்தபின் அந்தப் பெண்ணைக் கேட்டேன், எங்களை எப்படிம்மா கண்டுபிடித்தாய் என்று. "இங்க டவர் சரியா எடுக்காதுக்கா. அந்தப் பாறைமேல ஏறி நின்னு தேடுனேன். எந்தப் பக்கமும் தொறக்கல, சுத்திக்கினே இருந்துச்சி. தலைப்பு மட்டும் வரிசையா வந்துச்சி, அதுல ஒண்ணே ஒண்ணுலதான் மலைக்கும் வரும்னு போட்டிருந்துச்சி. அதுக்குக் கீழயே நம்பரும் இருந்துச்சி" என்றாள். உள்ளே நான் போட்டு வைத்திருந்த பெட்டிப் படமும் விவரமும் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை. நீ எழுதிய அந்த ஒரு வரிதான் கிடைத்தது. அப்போது உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஏழுமலையிடம், "எம் புள்ள வெச்ச தலைப்பு" என்று சொன்னேன். செத்த வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மகன் வந்தான். உன் வயதுதான் இருக்கும். பையில் விமானக் கம்பெனி ஒட்டிய காகிதத்தைக்கூடக் கிழிக்கவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. பெட்டிக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, அதைத் துடைத்துவிடுவது என் வேலை, துடைத்தேன். அவன் குனிந்து பார்த்தான். அழவில்லை. பிராக்ரஸ் கார்டு காட்ட வந்த பையன்போல நின்றுகொண்டு, "சொன்ன மாதிரியே வந்துட்டேன் பாரும்மா" என்றான். "ஒரே நாள்ல வந்துட்டேன் பாரு." திறக்கச் சொன்னான். திறந்தேன். கன்னத்தைத் தொட்டவன் சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டான். அப்புறம்தான் அழுதான். அவன் தங்கை அவனைப் பிடித்துக்கொண்டு, "போன மாசமெல்லாம் உன்னையே கேட்டுக்கினு இருந்துச்சி அண்ணா, சாமை அறுக்கறப்போ வருவானா, வருவானான்னு" என்றாள். கண்ணு, அவன் சொன்ன சொல் தவறவில்லை. கேட்ட காசைக் கொடுத்து டிக்கெட் வாங்கி, தூங்காமல், தின்னாமல், சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். அவனை ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் வந்ததைப் பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஏழுமலை பார்த்தான். வாடகைக்கு வந்தவர்கள் பார்த்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

எடுத்துப்போன பிறகு பெட்டியைக் கழுவித் துடைத்து வண்டியில் ஏற்றினோம். செத்த வீட்டிலிருந்து கிளம்பும்போது வரேன் என்று சொல்லக்கூடாது என்பது உனக்குத் தெரியும். எல்லாரையும்போல நானும் சொல்லாமல்தான் கிளம்புவேன். இத்தனை வருஷமாக எந்த வீட்டு வாசலிலும் வரேன் என்று சொன்னதில்லை, யாரும் என்னை வா என்று கூப்பிட்டதும் இல்லை. அன்றைக்கு இறந்தவளின் புருஷன், வயசானவர், வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "ஏம்மா, சொல்லிட்டுப் போம்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. "எல்லாரும் சொல்லாமயே போறாங்க. பையனும் ரெண்டு நாள்ல போயிடுவான். யாராச்சும் ஒருத்தர் வரேன்னு சொன்னா நல்லாருக்கும்" என்றார். ஏழுமலை என்னைப் பார்த்தான். நான், "வரேங்கய்யா" என்றேன். அந்தப் பெரியவர் என் நம்பரைப் பெயர் போட்டு வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து, அப்படி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். எப்போதாவது பாறைமேல் ஏறி எனக்குப் போன் போடுவார். மழையா அங்க, சாப்பிட்டியாம்மா என்பார். எனக்கும் பேச அதற்குமேல் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அவர் போன் வந்த அன்றைக்கு வீடு அவ்வளவு வெறிச்சென்று இருக்காது.

எனக்கு அறிவுரை சொல்ல வராது, உனக்குக் கேட்கவும் வராது. நீ எனக்குச் சொன்னதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு வைக்காதே என்றாயே, நீ எனக்கு வாட்ஸப்பில் என்ன அனுப்புகிறாய்? திங்கள் நல்லா இருக்கேம்மா, செவ்வாய் நல்லா இருக்கேம்மா. காய்ச்சலாகக் கிடந்த வாரத்திலும் அதே நல்லா இருக்கேம்மா. எந்த நாளில் உனக்குள் என்ன இருந்தது என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? நீ விரும்பிய பெண் உன்னை வேண்டாம் என்று போய்விட்டதைக்கூட உன் சிநேகிதன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன்னை மட்டும் சொல்லவில்லை, நானும் அதையேதான் அனுப்புகிறேன். முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தபோதும் உனக்கு நல்லா இருக்கேன் என்றுதான் போட்டேன். தலைப்பும் உள்ளே இருப்பதும் பொருந்தவில்லை என்றால், தேடுகிற மிஷினே நாம் வைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதைப் பார்த்து வேறு தலைப்பு வைத்துக்கொள்ளும் என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சின்ன வயதில் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைப் போட்டுவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்வாய். நான் உன் முகத்தைப் பார்த்து, "யார் அடிச்சது?" என்று கேட்பேன். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பக்கத்தில் இருந்தால் தெரியும். போனில் எனக்குத் தெரிவதில்லை, உனக்கும் தெரிவதில்லை.

முக்கியமானதை முதலில் சொல் என்கிறாய். நம் ஊரில் எங்கே அப்படிச் சொல்கிறோம்? பொண்ணு கேட்க வந்தாலும் மழையைப் பற்றிப் பேசி, கரும்பைப் பற்றிப் பேசி, காபி குடித்து, செருப்பைப் போடும்போதுதான் வந்த விஷயத்தைச் சொல்வார்கள். நானும் அப்படிப் பழகியவள்தான். நீ கிளம்பின அன்றைக்கு உளுந்தூர்பேட்டை வரைக்கும் வந்து உன்னைச் சென்னை பஸ் ஏற்றினேன். வழியெல்லாம் ஊறுகாய் பாட்டில் மூடி, ஸ்வெட்டர், பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று அதைப் பற்றியே பேசினேன். லாரிகளின் ஹாரன் சத்தத்தில் பாதி உனக்குக் கேட்கவும் இல்லை. உள்ளே இருந்ததைச் சொல்லலாம் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபோது கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். "இன்னாம்மா?" என்று தலையை நீட்டினாய். "ஒண்ணுமில்ல, போய்ட்டு வா" என்றேன். போன ஞாயிற்றுக்கிழமையும் அதுதான் நடந்தது. பால் விலை பற்றிப் பேசி, மோட்டார் ரிப்பேர் பற்றிப் பேசி, கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் நீ ஒரே நாளில் வந்து நிற்பதைப் பற்றிப் பேசிவிட்டாய்.

எனக்கு ஒன்று ஆனால் நீ அலைய வேண்டியதே இல்லை, அது உனக்கு ஒரு வசதி. யாரும் பாறைமேல் ஏறித் தேட வேண்டாம். பெட்டி வீட்டிலேயே இருக்கிறது. ஏழுமலை பிளக்கைச் சொருகினால் போதும், அவனுக்கு நான் சொல்லித் தரவும் வேண்டாம். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்திருப்பான், உனக்காகக் கண்ணாடியையும் துடைத்து வைப்பான். நீயும் சொன்னபடி வந்துவிடுவாய். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை, நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. எனக்கு அந்த வருகை வேண்டாம், கண்ணு. சும்மா ஒருநாள் வா. சாவுக்கும் இல்லாமல், கல்யாணத்துக்கும் இல்லாமல், காரணமே இல்லாமல் வா. வந்து தூங்கு. நான் சமைப்பதைக் குறை சொல்லு. என் முகத்தைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேள். பொங்கல் இல்லாவிட்டால் போகிறது, மாசியில் வா, பங்குனியில் வா. அப்புறம் நீ கிளம்பிப் போனாலும் வரேன் என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதைக் கேட்டுக்கொண்டு நான் வாசலில் நிற்கலாம்.

எழுதி முடித்துவிட்டேன், ஆனால் பக்கம் சேவ் ஆகமாட்டேன் என்கிறது. தலைப்புக் கட்டம் காலியாக இருக்கிறதாம். முதலில் "மகனுக்கு ஒரு கடிதம்" என்று போட்டேன். அது எந்த அம்மாவுடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம், யார் எழுதியது, எதற்கு என்று ஒன்றும் தெரியாது என்று நீ சொல்வாய். அழித்தேன். பழக்கத்தில் "அம்மா நலம்" என்று போட்டேன். உள்ளே அப்படி ஒன்றும் இல்லை, மிஷினே தூக்கிப் போட்டுவிடும். அதையும் அழித்தேன். அப்புறம் நீ கேட்ட கேள்வியை எனக்கே கேட்டுக்கொண்டேன், போன் எடுத்தால் முதலில் என்ன சொல்வாய் என்று. "ஐஸ் பெட்டி வைப்பதற்கு முன்பே வந்துவிடு" என்று அடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உன் போனில் பாதியில் வெட்டிப் புள்ளி வைத்துவிட்டால், பெட்டி மட்டும் தெரியும், கூப்பிட்டது தெரியாது. அதனால் கடைசியில் இருந்த "வந்துவிடு" என்பதைத் தூக்கி முன்னால் போட்டேன். ஊர் பெயரையும் சேர்த்திருக்கிறேன், வழி மறந்துபோயிருக்குமே.

இதைப் பார்த்ததும் நீ போனை எடுப்பாய், எனக்குத் தெரியும். இந்தத் தடவை போனில் சரி பண்ணாதே. தலைப்பில் ஏதாவது தப்பு இருந்தால் நேரில் வந்து திருத்து.

அம்மா